வலையை ஏன் கொடுத்தார் என்று முதலில் கேளுங்கள்

தம்பி என்றே கூப்பிடுகிறேன், உங்கள் வயது தெரியாது, கோபித்துக்கொள்ள வேண்டாம். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டம், தொண்டிப் பக்கம் ஒரு கடலோரக் கிராமம். உங்கள் ஊர்த் திருவிழா நாடகத்துக்குப் பல வருடமாக வந்துகொண்டிருந்த பபூன் கலைஞர் போன மாதம் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். "ஊரையே சிரிக்க வச்ச மனுஷனுக்கு என்ன குறை?" என்று டீக்கடையில் ஆரம்பித்து, செய்வினை, கடன், வீட்டுச் சண்டை என்று ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். அதைக் கேட்கக் கேட்க உங்களுக்கு உங்கள் அண்ணன் ஞாபகம் வருகிறது. விசைப்படகுக்குக் கூலிக்குப் போகிறவர், தடைக்காலம் முடிந்து ஒரு மாதமாகியும் கடலுக்குப் போகவில்லை, தூக்கம் இல்லை, யாரிடமும் பேச்சு இல்லை. மனநல டாக்டரிடம் கூட்டிப் போனால் ஊர் பைத்தியம் என்று சொல்லிவிடும், தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், என்ன செய்வது? தலைப்பில் "கலைஞர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்" என்று போட்டிருக்கிறீர்கள். கேள்வி அது இல்லை, கடைசி இரண்டு வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று. நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "போன வாரம் அவருடைய நண்டுவலையைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சும்மாவே தூக்கிக் கொடுத்துட்டார்." நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். கடற்கரையில் பிறந்த எனக்கு, ஒருவன் காசு வாங்காமல் தன் வலையைக் கொடுத்தால் அது சாதாரண விஷயம் இல்லை. உயிராக வைத்திருந்த பொருளைக் கொடுப்பது, கடன்களை அவசரமாக அடைப்பது, "பிள்ளைகளைப் பார்த்துக்கோ" என்று காரணமில்லாமல் சொல்வது, இவையெல்லாம் எங்கள் வேலையில் உடனே கவனிக்க வேண்டிய அறிகுறிகள். வேறு காரணமும் இருக்கலாம், தொழிலே வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கலாம். ஆனால் அதை ஊகிக்காதீர்கள், கேளுங்கள், இன்றைக்கே. இந்தப் பதிலின் மீதியை அப்புறம் படிக்கலாம்.

எப்படிக் கேட்பது? சுற்றி வளைக்காமல். "அண்ணே, வலையை எதுக்குக் கொடுத்தே? ரெண்டு வாரமா தூங்காம இருக்கியே, செத்துப்போயிடலாம்னு தோணுதா?" இப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, இதை ஆராய்ச்சி செய்தும் பார்த்துவிட்டார்கள். என் அனுபவத்தில், அப்படிக் கேட்கப்பட்டவர் பெரும்பாலும் அழுதுவிடுவார், அல்லது ஒரு பெரிய மூச்சு விடுவார். "ஆமா" என்று சொன்னால் புத்திமதி சொல்லாதீர்கள், பிள்ளைகளைக் காட்டிக் குற்றவுணர்ச்சி ஏற்றாதீர்கள், சாமிமேல் சத்தியம் வாங்காதீர்கள். "சொன்னது நல்லது, நான் கூட இருக்கேன், நாளைக்குக் காலையில ஒண்ணா டாக்டர்ட்ட போறோம்" என்பது போதும். அன்றைக்கு ராத்திரி அவரைத் தனியாக விடக் கூடாது, ஆபத்தான எதுவும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. அந்த வேகம் பல பேருக்குச் சில மணி நேரத்தில், சில சமயம் சில நிமிடத்தில்கூடத் தணிந்துவிடும். அதைத் தாண்ட வைப்பதுதான் முதல் வேலை. ராத்திரியில் கை கால் ஓடவில்லை என்றால் 14416-க்கு அடியுங்கள், அது டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104-ம் இருக்கிறது. நிலைமை கையை மீறினால் 108 கூப்பிட்டு நேராக ஆஸ்பத்திரி.

நான் யார் என்று சொல்லவில்லையே. டாக்டர் இல்லை, மனநல சமூகப் பணியாளர். 18 வருடமாகச் சாயல்குடியிலிருந்து தொண்டி வரைக்கும் இந்தக் கரையில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். உங்கள் அண்ணனை நான் பார்த்ததில்லை, அதனால் அவருக்கு மனச்சோர்வுதான் என்று இங்கிருந்து முத்திரை குத்த மாட்டேன். தைராய்டு கோளாறு, ரத்தசோகை, சில வைட்டமின் குறைவுகள்கூட மனிதனை இப்படி முடக்கிப் போடும். அதனால்தான் டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார். எழுதினால் "மனசுக்கு எதுக்கு ரத்தம்" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது அந்தக் கலைஞர். அவர் ஏன் போனார் என்று எனக்குத் தெரியாது, டீக்கடைக்கும் தெரியாது. ஒரே காரணத்தால் ஒருவர் இப்படிப் போவது அபூர்வம். கடன் பத்துப் பேருக்கும் இருக்கிறது, சண்டை எல்லா வீட்டிலும் இருக்கிறது. நோய், குடி, தூக்கமின்மை, அன்றைக்கு நடந்த ஒரு அவமானம், பக்கத்தில் யாரும் இல்லாத ஒரு மணி நேரம் என்று பலதும் சேர்ந்துதான் ஒரு ஆளைத் தள்ளுகிறது. அவசரப்பட்டுக் காரணம் சொன்னால் எப்படித் தவறிப்போகும் என்பதற்கு ஒரு உதாரணம். ராபின் வில்லியம்ஸ் என்று ஒரு அமெரிக்க நடிகர், உலகத்தையே சிரிக்க வைத்தவர், அவர் படங்களைத் தமிழ் டப்பிங்கில் டிவியில் நீங்களும் பார்த்திருக்கலாம். 2014 ஆகஸ்ட் 11 அன்று, 63 வயதில், இதேபோல இறந்தார். மனச்சோர்வு என்றார்கள், பழைய போதைப் பழக்கம் என்றார்கள், பணக்கஷ்டம் என்றார்கள். பிரேதப் பரிசோதனையில் மூளை முழுக்கப் பரவியிருந்த லூயி பாடி என்ற மறதி நோய் தெரியவந்தது. உயிரோடு இருந்தபோது அவருக்குப் பார்கின்சன்ஸ் என்ற நடுக்க நோய் என்று மட்டும்தான் கண்டுபிடித்திருந்தார்கள். இந்த விவரத்தையெல்லாம் அவர் மனைவி 2016-ல் நரம்பியல் டாக்டர்கள் படிக்கும் பத்திரிகையிலேயே எழுதினார். அமெரிக்காவில், அவ்வளவு பெரிய டாக்டர்கள் சுற்றியிருந்த மனிதருக்கே இதுதான் நிலை. பாய்விரித்து நாடகம் பார்த்த நமக்கு உங்கள் ஊருக்கு வந்த கலைஞர் மண்டைக்குள் என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்?

"சிரிக்க வைக்கிறவன் எல்லாம் உள்ளுக்குள் அழுகிறவன்" என்பதையும் நான் அப்படியே ஒத்துக்கொள்ள மாட்டேன், கேட்க நன்றாக இருக்கிறதே தவிர. சிரிப்பு அவருக்குத் தொழில். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது, நடிகர்களைத் தனித்தனியாக அமர்த்துவார்கள், மேடையில்தான் சந்திப்பார்கள், பபூன் முதலில் வந்து பாடிப் பேசி கூட்டத்தைக் கட்டிப்போட வேண்டும். அது கைவந்த வேலை. முதுகுவலியோடு ஒரு கொத்தனார் கட்டிய சுவரைப் பார்த்து அவருக்கு முதுகுவலி என்று சொல்ல முடியுமா? சுவர் நேராகத்தான் இருக்கும். எனக்கு உறுதியாகத் தெரிவது அந்தத் தொழிலின் கஷ்டம் மட்டும்தான்: ராத்திரி பத்து மணிக்கு மேடை, விடியும்போது வேன், பகலில் அரைத் தூக்கம், சீசன் முடிந்தால் வருமானமே இல்லாத மாதங்கள். தூக்கமும் வருமானமும் இப்படி ஒழுங்கில்லாமல் போவது யாருடைய மனதுக்கும் நல்லதில்லை. இது கலைஞனுக்கு மட்டும் உள்ளது என்றும் நினைக்காதீர்கள், ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்து, 61 நாள் தடைக்காலத்தில் கரையில் உட்கார்ந்து, படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கிச் சாப்பிடுகிற உங்கள் அண்ணனின் பிழைப்பும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான்.

ஒரு பிரபலமானவர் இப்படிப் போனபின் ஊர் எப்படிப் பேசுகிறது என்பது வெறும் வம்பு இல்லை, அதில் உயிர் இருக்கிறது. வில்லியம்ஸ் இறந்த பிறகு அமெரிக்காவில் அந்த வருடம் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை, எதிர்பார்த்ததைவிட 1,841 தற்கொலைகள் கூடுதலாக நடந்ததாக ஒரு ஆய்வு கணக்கிட்டது, கிட்டத்தட்ட 10 சதவீதம். அவர் மரணம்தான் காரணம் என்று அந்தக் கணக்கால் நிரூபிக்க முடியாது, ஆனால் செய்தி ஊடகங்கள் அதைச் சொன்ன விதத்தின்மேல் பலத்த சந்தேகம் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, 1994-ல் கர்ட் கோபேன் என்ற ராக் பாடகர் இறந்தபோது அவர் வாழ்ந்த சியாட்டில் பகுதியில் எல்லோரும் பயந்த மாதிரி எண்ணிக்கை கூடவில்லை, உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள்தான் கூடின. அவருடைய பாட்டை ஒரு பக்கமும் சாவை ஒரு பக்கமும் பிரித்துப் பேசியதும், உதவி எங்கே கிடைக்கும் என்பதைச் சேர்த்தே சொன்னதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அதனால் உங்கள் ஊர் வாட்ஸப் குரூப்பில் அவர் எப்படி இறந்தார் என்ற விவரமும் கடைசிப் படமும் சுற்றினால், அழிக்கச் சொல்லுங்கள். "நிம்மதியாப் போய்ச் சேர்ந்துட்டார்" என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்களிடமும் தனியாகப் பேசுங்கள். அந்த வரியை உங்கள் அண்ணனும் படிக்கிறார்.

சரி, பைத்தியம் என்ற சொல்லுக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் இந்தச் சொல்லைக் கேட்டவுடன் கண்முன் வருவது ஒரே படம்தான்: சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்து, கட்டிப்போட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அன்றைக்கு இருபது வயதுக்குள் இருந்த எனக்கு அது பேப்பர் செய்தியாக மட்டும் வரவில்லை. எங்கள் பெரியப்பா ஒருவர் சவூதிக்குப் போயிருக்கிறார் என்று வீட்டில் ஐந்து வருடமாகச் சொல்லி வைத்திருந்தார்கள், வரும்போது வாட்ச் வாங்கி வருவார் என்று நாங்களும் காத்திருந்தோம். தீ விபத்துச் செய்தி வந்த அன்றைக்கு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, அழுதபடி ஏர்வாடிக்குக் கிளம்பினபோதுதான் தெரிந்தது, சவூதி வெறும் நாற்பது கிலோமீட்டரில் இருந்தது என்று. தீப்பிடித்த இடத்தில் அவர் இல்லை, வேறொரு காப்பகத்தில் இருந்தார். கணுக்காலில் தழும்போடு வீட்டுக்கு வந்தார். அரசு ஆஸ்பத்திரி மாத்திரை, மாதம் ஒருமுறை டாக்டர், ஒரு வருடத்தில் கருவாட்டுக் கொட்டகையில் கணக்கு எழுதப் போய்விட்டார். என் அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் அவரிடம் "சவூதியில எந்த ஊர்?" என்று கேட்டதும், அவர் அசராமல் "ஜித்தா" என்றதும் எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற கதை. ஆனால் அந்த ஐந்து வருடத்தில் மருந்து கிடைத்திருந்தால் என்ற எண்ணம் வந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். நோயைவிட, மறைத்ததுதான் அவரை அதிகமாகத் தின்றது என்று நான் நம்புகிறேன்.

அதனால், தங்கச்சி கல்யாணத்துக்காக மறைக்கிறோம் என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. அந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்லவும் மாட்டேன், சம்பந்தம் தட்டிப்போன வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். மனச்சோர்வில் குடும்பவாகு கொஞ்சம் உண்டு, ஆனால் அண்ணனுக்கு வந்ததால் தங்கைக்கும் வரும் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது நோயாளியின் உரிமை என்று 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது, ஆஸ்பத்திரி யாருக்கும் சொல்லக் கூடாது. சங்கிலியில் கட்டுவதையும் அதே சட்டம் எந்த வடிவிலும் கூடாது என்று தடை செய்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் என்ன சொல்வது? "அண்ணனுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு, வைத்தியம் பாத்தோம், இப்ப தொழிலுக்குப் போறார்" என்பது பொய் இல்லை. மாத்திரை சாப்பிட்டுக் கடலுக்குப் போகிற அண்ணனைவிட, மருந்தே இல்லாமல் அறைக்குள் கிடக்கிற அண்ணன்தான் சம்பந்தம் பேச வருகிறவர் கண்ணில் படுவார். அப்புறம், ராமநாதபுரம் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு வாசலில் தெரிந்த முகம் யாராவது இருப்பார்களே என்ற பயம். இருப்பார்கள். அவர்களும் அதற்குத்தான் வந்திருப்பார்கள், ஊருக்குத் திரும்பி வாயைத் திறக்க மாட்டார்கள். 2015-16-ல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்புப்படி பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதாவதொரு மனநலச் சிக்கல் இருக்கிறது. உங்கள் தெருவை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

எங்கே போவது? ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, செலவு இல்லை. அவ்வளவு தூரம் இப்போது முடியாது என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், மாவட்ட மனநலத் திட்டக் குழு குறிப்பிட்ட நாளில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு வரும். டாக்டரிடம் மூன்று விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். வலை கொடுத்த கதையை. குடி எவ்வளவு என்பதை, உள்ளபடி, ஏனென்றால் தினமும் நிறையக் குடிக்கிற ஆளைத் திடீரென்று நிறுத்த வைத்தால் இரண்டு மூன்று நாளில் வலிப்போ பிதற்றலோ வரலாம், அதற்குத் தனி மருந்து வேண்டும். மூன்றாவது, முன்னால் எப்போதாவது தூங்காமலே உற்சாகமாகத் திரிந்து, கைக்கு வந்த காசையெல்லாம் வாரி இறைத்த காலம் இருந்ததா என்பது. இருந்திருந்தால் அது வேறு வகை நோய், சாதாரண மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் அந்த அளவுமீறிய உற்சாகம் திரும்ப வந்துவிடலாம். ஏற்கனவே ஒருமுறை முயன்றிருக்கிறார் என்றால் அதையும் மறைக்காதீர்கள். போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து பூச்சி கடித்தது என்றெல்லாம் சொல்லிச் சிகிச்சையைக் கெடுத்த வீடுகள் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்க வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2018-ல் நடைமுறைக்கு வந்த அதே மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லிவிட்டது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவும் 2024 ஜூலையோடு போய்விட்டது.

மாத்திரை ஆரம்பித்தால் முதல் பத்து நாளைக்கு ஒன்றும் தெரியாது, வயிறு புரட்டும், சிலருக்குப் படபடப்பு கூடும், "இது வேலைக்கு ஆகாது" என்று தூக்கிப் போடுவது அப்போதுதான். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். அந்த நாட்களில்தான் கூட ஒரு ஆள் அதிகமாக வேண்டும். நன்றாகிவிட்டது என்றும் தானாக நிறுத்தக் கூடாது, குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், குறைப்பதையும் டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முதல் மாத்திரை ஒத்துவராமல் மாற்ற வேண்டியும் வரலாம், அதில் பயப்பட ஒன்றும் இல்லை. மாத்திரையால் கடன் தீராது என்று உங்கள் அம்மா சொல்வார், சரிதான். ஆனால் தூக்கம் வந்த பிறகு அதே கடனைப் பற்றி அவரால் உட்கார்ந்து பேச முடியும்.

அம்மா ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகலாம் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். போகட்டும், நான் தடுக்க மாட்டேன். சாதி மதம் பார்க்காமல் ஜனங்கள் அங்கே போய் அழுதுவிட்டு வருகிறார்கள், அதில் கிடைக்கிற ஆறுதலை எங்கள் மருந்துப் பெட்டியில் தேட முடியாது. அங்கேயே துவாவோடு தவாவும், அதாவது பிரார்த்தனையோடு மருந்தும் என்று, பிரார்த்தனைக்கு வருகிறவர்களை டாக்டரிடமும் அனுப்புகிற அரசுத் திட்டம் நடந்திருக்கிறது. ஒரே நிபந்தனை: விட்டுவிட்டு வருவது என்ற பேச்சு கூடாது, கூட்டிப்போனவரே கூட்டி வர வேண்டும், மாத்திரை பையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, வருகிற திருவிழாவில் அந்தக் கலைஞருக்குப் படம் வைத்து அஞ்சலி செலுத்தப் போகிறார்கள், நீங்கள்தான் ஃபிளெக்ஸ் அடிக்கப் போகிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். மேடையில் அவர் நிற்கிற நல்ல படமாகப் போடுங்கள், எப்படி இறந்தார் என்ற வரி வேண்டாம், கீழே பெரிய எழுத்தில் 14416. மைக்கில் யாராவது பேசினால் நன்றாக இருக்கும், ஆனால் என்னையோ டாக்டரையோ கூப்பிடாதீர்கள், நாங்கள் பேச ஆரம்பித்தால் கூட்டம் டீ குடிக்கப் போய்விடும். அவரோடு வாசித்த ஆர்மோனியக்காரரைக் கேளுங்கள். "தூக்கம் வராம, வாழப் பிடிக்காம இருக்கவங்க இந்த நம்பர்ல பேசுங்கப்பா, எங்க ஆளும் பேசியிருக்கலாம்" என்று இரண்டு வரி அவர் சொன்னால் போதும். பதினொரு மணிக்குள் சொல்லச் சொல்லுங்கள். ரெண்டு மணிக்கு மேல் பாதிச் சனம் மணலில் தூங்கிவிடும்.